மூன்று சிப்பம் எடை

அந்த வண்டி எனக்குப் பிடித்ததே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரை கிடையாது, இரண்டே பேர்தான் உட்காரலாம், தரையோடு தரையாகக் கிடக்கும். பழைய காலத்து வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். அதில் உட்கார்ந்தால் பாய் விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கிடந்ததை எங்கள் வீட்டுக்காரர் விலை பேசி, எங்கள் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். சீட்டு மேலெல்லாம் கோழி எச்சம். "இதுக்கு ஒரு எருமை வாங்கியிருந்தாப் பாலாவது கறக்கலாம்" என்றேன். அவர் சிரித்தார். நான் கத்தினால் சிரிப்பது அவர் வழக்கம், அவர் சிரித்தால் இன்னும் கத்துவது என் வழக்கம்.

"ரெண்டு பேரு உக்கார்ற வண்டிய வெச்சுட்டு என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"நாம ரெண்டு பேருதான புள்ள" என்றார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் எச்சத்தைச் சுரண்டினேன்.

நாமக்கல்லில் பாதிப் பேர் மாதிரி எங்களுக்கும் லாரிதான் தொழில். நான் கல்யாணமாகி வந்தபோது ஒரே ஒரு லாரி, அதையும் அவரே ஓட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் நாலு லாரி ஆனதும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி ஆபீசில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றுதான் பெயர். லோடு ஏற்றிய வண்டி வாசலில் வந்து நின்றால் டிரைவர் இறங்குவதற்குள் இவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருப்பார். அச்சுக்கு மேலே அடுக்கிக் கட்டியிருக்கும் வளைந்த இரும்பைத்தான் பார்ப்பார். கமான் பட்டை என்போம். பாரம் ஏற ஏற அந்த வளைவு நிமிரும், வண்டி தாழும். டயருக்கும் மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்ப்பார். எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்தே எத்தனை டன் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். டிரைவர்கள் அவரிடம் எடைச் சீட்டை நீட்டவே பயப்படுவார்கள். "சீட்டு பொய் சொல்லும், நீயும் பொய் சொல்லுவ. பட்டை சொல்லாதுடா" என்பார். இருந்து இருந்து பார்த்ததில் எனக்கும் அந்தக் கண் வந்துவிட்டது. இன்றைக்கும் ரோட்டில் எந்த வண்டி போனாலும் முதலில் பின்சக்கரத்தைத்தான் பார்ப்பேன்.

அந்தக் காரை அவர் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகச் சரி செய்தார். எங்கெங்கிருந்தோ சாமான் வரவழைத்தார். வேப்பங்கொழுந்து நிறத்தில் பெயின்ட் அடித்தார். ஓட ஆரம்பித்ததும் வாராவாரம் சேந்தமங்கலம் வரைக்கும் போய், மலையடிவாரத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவார். தனியாகத்தான் போவார். என்னைக் கூப்பிடாமல் இல்லை. தலையெல்லாம் பரட்டையாகிவிடும், வழியில் எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள், எனக்கு வேலை கிடக்கிறது என்று ஏதாவது சொல்வேன். ஒருவரே உட்கார்ந்து ஓட்டி ஓட்டி வலது பக்கத்துப் பட்டை மட்டும் தளர்ந்து போய், வண்டி நின்றால் அவர் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதை வைத்தும் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒரு ஆனி மாதத்தில் அவருக்கு முதுகுவலி வந்தது. லாரிக்காரர்களுக்கு முதுகுவலி புதிதா என்று இரண்டு மாதம் தைலம் தேய்த்தோம். சாப்பாடு குறைந்த பிறகுதான் சேலத்துக்குப் போனோம். படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அவரை வெளியே உட்கார வைத்தார். என்னையும் அவருடைய அக்காவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். வயிற்றில் இருந்தது முதுகெலும்பு வரைக்கும் பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றார். முதுகு குலுங்கக் கூடாது, அதில் மட்டும் கவனமாக இருங்கள் என்றார்.

வெளியே வரும்போதே நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்கிட்டச் சொல்லிப்போடாத சாமி. சொன்னா இன்னைக்கே பாதி உசுரு போயிரும்" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும். நோயாளியைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கும். நானும் தலையாட்டினேன். அல்சர், அப்புறம் முதுகுத்தண்டில் தேய்மானம் என்று அவரிடம் சொன்னோம். அவர் "ரெண்டும் ரோட்டுக்காரனுக்கு வாரதுதான" என்றார்.

நான் ஒரு காரியத்தை எடுத்தால் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். அவர் இளைக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக வீட்டிலிருந்த எடை மெஷினைப் பரணில் தூக்கிப் போட்டேன். அவருடைய வெள்ளைச் சட்டைகளை ஒவ்வொன்றாக டெய்லரிடம் கொடுத்து, தோளிலும் பக்கவாட்டிலும் பிடித்து வாங்கி வந்தேன். தொளதொளவென்று தொங்கினால்தானே தெரியும். கைக்கடிகாரத்தின் பட்டையில் இரண்டு கண்ணியை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் பெண்ணிடம், சத்தமாகச் சொல்லிவிடாதே தாயி என்று கெஞ்சி வைத்திருந்தேன். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே மறித்து, "நல்லாத் தேறிட்டீங்கன்னு சொல்லோணும், மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உள்ள போனீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று சொல்லித்தான் உள்ளே விட்டேன். வந்தவர்களும் அப்படியே சொன்னார்கள். கொஞ்சம் சதை போட்டிருக்குது என்றுகூட ஒருவர் சொன்னார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவ்வளவு வேண்டாம் என்றேன்.

அழுதேன் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அழுதேன். மிக்ஸியை ஓட விட்டு அழுவேன், தேங்காய் இல்லாத நாளில்கூட மிக்ஸி ஓடியது. பகலில் அழுவதற்கு வேறு வழி இல்லை.

தை பிறந்ததும் ஒருநாள் காலையில் சொன்னார். "ஏம்புள்ள, ஒருக்கா அந்த வண்டில சேந்தமங்கலம் போயிட்டு வந்தரலாமா? ரெண்டு பேரும்."

"நம்ம காருலயே போலாமுங்க" என்றேன்.

"அந்தக் காரு வேண்டாம். அதுல ஏறுனாலே ஆஸ்பத்திரி நெனப்பு வருது."

அந்த வண்டியை எப்படி எடுப்பது? ஓட்டாமல் போட்டிருந்ததில் வலது பக்கப் பட்டையில் இரண்டு ஒடிந்து, தகடு டயரில் உரசிக்கொண்டு நின்றது. அதில் போனால் பள்ளம் மேடு எல்லாம் நேராக முதுகில்தான் ஏறும். டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் அத்தனை மாதத்தில் அவர் ஆசைப்பட்டு வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கஞ்சியில் உப்பு கூடக் கேட்டதில்லை. இந்த மனுஷனை வலிக்காமல் அங்கே கொண்டு போய்க் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும், என்ன ஏது என்று அவருக்குத் தெரியவும் கூடாது. இந்த இரண்டும்தான் அப்போது எனக்கு உலகம்.

எங்கள் லாரிகளுக்கு எப்போதும் பட்டை கட்டுகிற கடை ஒன்று பரமத்தி ரோட்டில் இருக்கிறது. அந்தக் கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், எனக்குத் தம்பி முறை மாதிரி. வண்டியை லாரியில் ஏற்றி அங்கே கொண்டு போனோம். வீட்டுக்காரரும் பின்னால் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்துகொண்டார். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா.

தம்பி பழைய பட்டைகளைக் கழற்றித் தரையில் போட்டார். துருப்பிடித்து, வளைவே இல்லாமல், பனங்கருக்கு மாதிரி நீட்டமாகக் கிடந்தன. "இதப் பூராவும் தூக்கிப் போட்டறலாங்ணா. நம்ம லாரிப் பட்டையிலயே கெட்டியா நாலு வெட்டிப் போட்டர்றேன். ஆயுசுக்கும் ஒடியாது" என்றார். எங்கள் ஊரில் யாரிடம் போனாலும் இதைத்தான் சொல்வார்கள். பாரம் தாங்க வேண்டும், ஒடியக் கூடாது, அவ்வளவுதான் தெரியும். மெத்தென்று போக வேண்டும் என்று யாரும் வந்து கேட்டதில்லை.

"டேய், இதுல ரெண்டு பேருதான்டா ஏறப் போறோம். ஜல்லியா ஏத்தப் போறோம்" என்றார் இவர். கெட்டியாக நாலு வேண்டாம், மெல்லிசாக ஏழு போடு என்றார். ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் நைலான் துண்டு வைக்கச் சொன்னார், முனைகளில் புதிய ரப்பர் புஷ் அடிக்கச் சொன்னார். பேசப் பேச முகத்தில் ரத்த ஓட்டம் வந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவர் பழைய ஆளாக இருந்தார்.

பட்டைகளைக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் விட்டு எடுக்க ஒரு வாரம் ஆனது. மறுபடி இரண்டு பேரும் கடைக்குப் போனோம். வளைவை அளவாக வைக்க வேண்டும். அதற்குத்தான் வண்டியில் யார் யார் போவார்கள், எவ்வளவு எடை என்று தெரிய வேண்டும். அந்த எடையைச் சீட்டில் வைத்து, வண்டி மட்டமாக நிற்கிற அளவுக்கு வளைவைக் கூட்டிக் குறைப்பார்கள். லாரிக்கு டன் கணக்கு. இதற்கு எங்கள் இரண்டு பேர் கணக்கு.

"ஆரு ஆருங்க்கா போறீங்க?" என்று தம்பி கேட்டார்.

"நாங்க ரெண்டு பேரும்தான். ஆஸ்பத்திரிக்கு ஓட்டற மாதிரி நானே ஓட்டறேன், அவரு பக்கத்துல உக்காந்துக்குவாரு."

என் எடையைச் சொன்னேன். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

"அண்ணனுக்குங்க்கா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுவத்தஞ்சு" என்றேன். யோசிக்கவே இல்லை. நோய் வருவதற்கு முன்னால் இருந்த எடை அது.

தம்பி ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரியாதா. எத்தனை லோடு பார்த்த கண். ஆனால் என் முகத்தில் இருந்ததைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. "சரிங்க்கா" என்று மட்டும் சொன்னார். எதிரில் இருந்த அரிசி மண்டியிலிருந்து சிப்பம் எடுத்துவரச் சொன்னார். இருபத்தைந்து கிலோ அரிசிப் பையைத்தான் சிப்பம் என்கிறோம். என் சீட்டில் எனக்கு உண்டானதை வைத்தார்கள். அவர் சீட்டில் அவர் கண் முன்னாலேயே மூன்று சிப்பம் ஏறியது. தம்பி வளைவைச் சரி செய்து, பின்சக்கரத்தில் கை வைத்துப் பார்த்து, "ரெண்டு பக்கமும் மூணு விரலுங்ணா, மட்டமா நிக்குது" என்றார். அவரும் தலையாட்டினார்.

இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பட்டையைப் பார்த்துப் பாரம் சொல்கிற வீட்டில் இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள் நான். அந்த மூன்று சிப்பத்தை இறக்கிவிட்டு இவரை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சட்டையை யோசித்தேன், கடிகாரத்தை யோசித்தேன், மெஷினை யோசித்தேன். இதை யோசிக்கவில்லை.

சிப்பங்களை மண்டிக்குத் திருப்பி அனுப்பினார்கள். தம்பியும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் பிடித்து அவரை மெதுவாகச் சீட்டில் இறக்கினார்கள். தலையணையை முதுகுக்குக் கொடுத்தேன். நான் சுற்றி வந்து ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தேன். என் பக்கம் வண்டி தாழ்ந்தது. அவர் பக்கம் தாழவில்லை. உட்கார்ந்த உடனே என் இடுப்புக்குத் தெரிந்துவிட்டது, வண்டி என் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்று.

கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் பின்சக்கரத்தைப் பார்த்தார்கள். வேண்டுமென்று பார்க்கவில்லை, அவர்களுக்கு அது பழக்கம். பார்த்ததும் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சாவியைத் திருகப் போனேன், வண்டிச் சத்தத்தில் அவர் கவனிக்க மாட்டார் என்று.

"இரு" என்றார் அவர். தம்பியைக் கூப்பிட்டார். "எத்தன விரல் நிக்குது?"

தம்பி குனிந்து கையை வைத்தார். "மூணுங்ணா."

"கைய எடுக்காத."

அவருடைய பக்கத்துக் கதவில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அதைக் கையால் கொஞ்சம் கீழே திருப்பினார். அதில் பின்சக்கரமும் தம்பியின் கையும் தெரிந்தன. நாலு விரலும் உள்ளே போய், கட்டைவிரலுக்கும் இடம் இருந்தது. தம்பிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் ரொம்ப நேரம் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். எதிரே மண்டிக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதுத்தாப்ல போயி ஒரு சிப்பம் வாங்கிட்டு வா" என்றார் கடைசியில். "என்ற முதுகுக்குப் பின்னால வெய்யி."

"அண்ணா..."

"லோடு கொறைஞ்சா வண்டி குதிக்கும்டா. குதிச்சா எனக்கு வலிக்கும். ஒண்ணு போதும். மூணுல ஒண்ணுதான் போயிருக்குது."

சீட்டுகளுக்குப் பின்னால் துணிப்பை வைக்கிற அளவுக்கு ஒரு இடம் உண்டு. அதில் சிப்பத்தை வைத்தார்கள். வண்டி அவர் பக்கம் மெதுவாக இறங்கி மட்டமானது. தம்பி மறுபடி கையை வைத்துப் பார்த்து, மூணு விரலுங்ணா என்றார். "நல்லாக் கட்டியிருக்கற. போயிட்டு வாரோம்" என்றார் இவர்.

ஊரைத் தாண்டினோம். வண்டி நன்றாகப் போனது. வேகத்தடை வந்தால் எனக்குப் பல் கிட்டித்தது, ஆனால் பட்டை வாங்கிக்கொண்டு மெத்தென்று இறக்கியது. அவர் முகத்தில் வலி இல்லை. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, நடுநடுவே கோழிப்பண்ணை. காற்றில் என் தலை பரட்டையாகிவிட்டது.

"எட மெசின எங்க வெச்சிருக்கற?" என்று கேட்டார்.

"பரண் மேலங்க. பழைய கொசுவலைக்கு அடியில."

"சட்டையெல்லாம் புடிச்சுத் தெச்சியாட்ட இருக்குது."

"ஆமாங்க."

"அக்காளுக்குத் தெரியுமா?"

"எல்லாத்துக்கும் தெரியுமுங்க."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இத்தன நாளா நீ ஒருத்தியேவா சொமந்துட்டிருந்த? பாதிய எங்கிட்ட எறக்கி வெச்சிருக்கலாமில்ல."

எனக்கு ரோடு தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டேன். மிக்ஸி இல்லாமல், யாருக்கும் ஒளிக்காமல், நடுப்பகலில் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். போகிற வண்டியெல்லாம் வேடிக்கை பார்த்தது, பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது. அவரும் அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "எனக்குப் பயமா இருக்குது புள்ள" என்றார். "எனக்குந்தாங்க" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டோம். கடிகாரம் கண்ணி எடுத்தும் மறுபடி தொளதொளவென்று தொங்கியது.

சேந்தமங்கலம் தாண்டி மலையடிவாரத்துக்குப் போனோம். அவர் வழக்கமாகக் குடிக்கிற கடையில் வண்டியிலேயே டீ கொண்டு வந்து கொடுத்தார்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு என்னிடம் தந்தார். கொல்லிமலை பக்கத்தில் நின்றது. "வாராவாரம் இங்க வந்து என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ண மாட்டேன். நீ வந்திருந்தா இதக் காட்டலாம்னு நெனப்பேன்" என்றார். மீதி டீயைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பொய் இல்லை. எடை மெஷினைப் பரணிலிருந்து இறக்கினேன், ஆனால் அவர் அதில் ஏறிப் பார்க்கவே இல்லை. எந்த லாரியை விற்பது, எதை வைத்துக்கொள்வது, எந்த டிரைவரிடம் ஜாக்கிரதையாக இருப்பது என்று எல்லாம் சொன்னார். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றார். வலித்தால் வலிக்கிறது என்றார். நாத்தனாருக்கு என்மேல் மனவருத்தம்தான், நான்தான் சொல்லிவிட்டேன் என்று. பட்டைதான் சொல்லிவிட்டது என்று அவரிடம் எப்படி விளக்குவது.

சிப்பம் வண்டியிலேயே இருந்தது. "இருக்கட்டும், மறுக்கா போலாம்" என்பார். இன்னும் சில தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்ததும் "எத்தன விரல்?" என்று கேட்பார். நான் இறங்கிப் போய்க் கை வைத்துப் பார்த்து உள்ளதைச் சொல்வேன். மூன்று. அப்புறம் மூன்றும் கொஞ்சமும். மாசி கடைசியில் மறுபடி நாலு. "இன்னொரு சிப்பம் ஏத்தோணுமாட்ட இருக்குது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. "வாய மூடிட்டு உக்காருங்க" என்றேன். அதற்கும் சிரித்தார். அந்தத் தடவை போய் வந்ததுதான் கடைசி. பங்குனி பிறந்த பிறகு கட்டிலை விட்டு எழவில்லை. ஒருநாள் விடிகிற நேரத்தில், நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் போய்விட்டார்.

கருமாதிக்குக் கூட்டம் அதிகம். சொந்தபந்தத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் சமையலுக்குச் சொல்லியிருந்தோம். டிரைவர்கள் அத்தனை பேர் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. எந்தக் காலத்திலோ எங்களிடம் ஓட்டியவர்களெல்லாம் வந்தார்கள், வழியில் போகிற லோடு வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்து கும்பிட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. வந்தவர்கள் யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது என்று நாத்தனார் ஓடியாடிப் பார்த்துக்கொண்டார். எனக்கும் இலை போட்டு, சாப்பிட்டே ஆக வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கை சோறு தின்ன வைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு பின்பக்கம் போனேன். கொட்டகையில் பட்டைக்கடைத் தம்பி அந்த வண்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். பின்சக்கரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சிப்பத்த எடுத்துப்போட்டீங்களாக்கா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். இடது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சீட்டுக்குப் பின்னால் இடம் வெறுமையாக இருந்தது, நாலைந்து அரிசி மட்டும் சிந்திக் கிடந்தது.

பின்னாலேயே வந்த நாத்தனாரிடம் கேட்டேன். "அதுவா சாமி? நாந்தான் எடுத்துப் போடச் சொன்னேன். இந்த டிரைவருப் பசங்க இத்தன பேரு வருவாங்கன்னு ஆரு கண்டா? ரெண்டாம் பந்திக்கு அரிசி பத்தல. வண்டில ஒரு சிப்பம் சும்மா கெடக்குதுன்னு ஒருத்தஞ் சொன்னான். ஏன், ஆகாத அரிசியா?"

எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்தில் அவரைக் கடித்துக் குதறியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் கண்ணும் வீங்கி, புடவையெல்லாம் சாம்பார் சிந்தி, நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடப் பிறந்த தம்பியைப் பறிகொடுத்தவர் அவரும்தான். "நல்ல அரிசிதாங்க" என்றேன். அந்தச் சோற்றில்தான் நானும் இரண்டு கை தின்றிருந்தேன்.

நாத்தனார் உள்ளே போன பிறகு தம்பி மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு நானே ஒரு சிப்பம் கொண்டாந்து வெச்சர்றேனுங்க்கா. வண்டி மட்டமா நின்னுக்கும்."

நான் போய் டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் கையை வைத்தேன். முழுக் கையும் உள்ளே போனது.

"ஒண்ணு பத்தாது தம்பி" என்றேன். "இனிமே மூணும் வெக்கோணும்."